கம்பிக்கும் ஒரு பங்கு கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பில் சுரங்கத்துக்குள் வானொலி போன கதையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் 1922-இல் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கத்துப் புரூஸ்டன் சோதனைச் சுரங்கத்தில் கேடிகேஏ வானொலி நிலையத்தின் ஒலிபரப்பைக் கேட்டதை, 'கம்பியில்லா அலை மண்ணை வென்றது' என்று எழுதியிருப்பது இடிக்கிறது. 100 அடி ஆழத்தில் கேட்டது உண்மை. ஆனால் சுரங்கத்துக்குள் ஓடும் தண்டவாளமும் குழாயும் மின்கம்பியும்தான் அலையை இழுத்து வர உதவின என்பதை அந்தச் சோதனையைச் செய்த பொறியாளர்களே கண்டுகொண்டார்கள். வெறும் பாறை என்றால் அலை சீக்கிரமே அடங்கிவிடும்.

இதைச் சரிபார்க்கப் பிட்ஸ்பர்க் போக வேண்டாம். எங்கள் அபார்ட்மெண்டின் இரண்டாம் அடித்தளத்தில், பழைய டிரான்சிஸ்டரில் பெங்களூரு நிலையத்தின் 612 கிலோஹெர்ட்ஸைத் திருப்பிப் பார்த்தேன். வெறும் இரைச்சல். மோட்டார் அறைக்குப் போகும் இரும்புக் குழாயோடு பெட்டியை ஒட்டி வைத்ததும் பாட்டு வந்தது. வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அலையின் அதிர்வெண்ணைக் குறைத்தால் பாறைக்குள் ஆழமாகப் போகலாம். ஆனால் அதில் பேச்சை ஏற்றுவது கடினம், பெரும்பாலும் தந்தி மாதிரிக் குறிகளைத்தான் அனுப்பலாம். ஆண்டெனாவும் பெரிய வளையமாகிவிடும். அதனால்தான் பிற்காலத்தில் மேலுறையில் வேண்டுமென்றே ஓட்டை விட்ட 'ஒழுகும்' கேபிள் வந்தது. வழியெல்லாம் அலை கசியும், வாக்கி டாக்கி பேசும். மெட்ரோ சுரங்கங்களிலும் இதே வித்தைதான். எம்.ஜி. ரோட்டைத் தாண்டி ரயில் சுரங்கத்துக்குள் இறங்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும்.

நான் தங்கவயல்காரன். அங்கே சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் கீழே கேஜில், அதாவது சுரங்க லிஃப்டில், இறங்கியவர் என் அப்பா. மேலே இருப்பவர்களுக்குத் தகவல் சொல்வதற்கு மணிதான். கேஜ் ஓடும்போது ஒரு அடி அடித்தால் 'நிறுத்து'. அந்த மணிக்கும் கம்பிதான். இந்தக் கேபிள் கதையை ஒருமுறை அவரிடம் சொன்னபோது, "சரிப்பா, பாறை வெடிச்சா முதல்ல அறுந்து போறது அந்தக் கம்பிதானே?" என்றார்.

கட்டுரை இந்தக் கேள்விக்குள் போகவே இல்லை. 2006-இல் மேற்கு வர்ஜீனியாவின் சாகோ சுரங்க விபத்தில் 12 பேர் இறந்த பிறகுதான், சிக்கியவர்களோடு கம்பியில்லாமல் பேச வழி வேண்டும் என்று அமெரிக்காவே சட்டம் போட்டது. புரூஸ்டன் சோதனைக்கு 84 வருடம் கழித்து.

இப்படிக்கு,
தங்கவயல் வாசகன்,
கே.ஆர்.புரம், பெங்களூரு