இடது பக்க ஹோஸ்

அன்புள்ள கயல்,

நேற்று போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் பிக்கப் இடது பக்கமே இழுக்கிறது. இறங்கிப் பார்த்தால் இடது முன் சக்கரத்தின் பக்கம் கை கொண்டுபோக முடியாத சூடு. அரை மணி நேரம் நிறுத்தினால் தானாகச் சரியாகிவிடுகிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எனக்கு முதல் சந்தேகம் பிரேக் ஆயிலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் மேல்தான். மெக்கானிக் பார்த்துவிட்டு ‘ஹோஸ் நல்லாத்தானே இருக்கு’ என்றாராம். வெளியே நன்றாகத்தான் இருக்கும்.

அது ஒற்றை ரப்பர் இல்லை. உள்ளே ஒரு குழல், அதைச் சுற்றிப் பின்னிய நூல், அதற்கு மேல் வெளித்தோல். உள்குழல் வீங்கினாலோ, அதிலிருந்து ஒரு சிம்பு கிளம்பினாலோ ஒருவழிக் கதவு மாதிரி ஆகிவிடும். நீ மிதிக்கும் வேகத்துக்கு ஆயில் முட்டிக்கொண்டு காலிப்பருக்குள், அதாவது பிஸ்டனால் பேடைத் தள்ளி டிஸ்கைப் பிடிக்கும் பாகத்துக்குள், போய்விடும். திரும்பி வரும்போது அப்படித் தள்ள யாரும் இல்லை. பிஸ்டன் சீல் கொஞ்சம் பின்னால் இழுக்கும், அவ்வளவுதான். அதனால் சொட்டுச் சொட்டாக வருகிறது. அதுவரை பேட், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்கை உரசிக்கொண்டே இருக்கும்.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ ஏழாவது படிக்கும்போது இதே வண்டிக்கு நான் பேட் மாற்றினேன், நீ டார்ச் பிடித்தாய். அன்றைக்கு இடது காலிப்பரைக் கழற்றிவிட்டு, கட்டித் தொங்கவிடக் கம்பி தேடச் சோம்பல்பட்டு, ஹோஸிலேயே தொங்க விட்டேன். “இவ்வளவு கனத்தை இது தாங்குமாப்பா?” என்று கேட்டாய். “அதெல்லாம் தாங்கும்” என்றேன். காலிப்பரின் கனம் ஹோஸில் விழவே கூடாது, உள்குழல் கிழியும் என்று எனக்கு அப்போதும் தெரியும். அதற்குப் பிறகு அந்த ஹோஸை யாரும் மாற்றவில்லை.

சரி, முதலில் உறுதி செய்துகொள். சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை வை. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதே, ஸ்டாண்ட் கொடு. பிரேக்கை நன்றாக மிதித்து விட்டுவிட்டு, இடது சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார். இறுகியிருந்தால், சேஸிஸ் பக்கம் இரும்புப் பைப்பும் ஹோஸும் சேரும் நட்டைத் துணி சுற்றிக் கொஞ்சம் தளர்த்து. கண்ணாடி போட்டுக்கொள், ஆயில் பீய்ச்சலாம். அங்கே தளர்த்தியதும் சக்கரம் விட்டால் கோளாறு அதற்கு மேலே, மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம். அங்கே விடாமல், காலிப்பரில் ஏர் எடுக்கும் சின்னத் திருகை, பிளீடர் நிப்பிளை, திறந்ததும் விட்டால் ஹோஸேதான். இரண்டுக்கும் அசையாவிட்டால் பிஸ்டனோ, காலிப்பர் நகரும் பின் என்ற கம்பியோ இறுகிப் பிடித்திருக்கிறது. ஹோஸ் வாங்கி வந்து பிரயோஜனமில்லை.

மற்ற ஹோஸ்களையும் அப்போதே பார்த்துவிடு. மடித்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். இரும்பு முனையை ஒட்டி ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவு. யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பார். எங்காவது உப்பினால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது. பின்னால் சேஸிஸிலிருந்து ஆக்ஸிலுக்கு இறங்கும் ஹோஸை எல்லோரும் மறந்துவிடுவார்கள். பிக்கப்பில் படாதபாடு படுவது அதுதான்: பாரம் ஏற்றினால் ஒரு நிலை, இறக்கினால் ஒரு நிலை. என்னைக் கேட்டால் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, எல்லாவற்றையும் சேர்த்தே மாற்று. எல்லாம் ஒரே வயசு.

கழற்றுவதில் ஒரே ஒரு இடம்தான் தொந்தரவு, அந்தப் பைப் நட். துருப்பிடித்திருக்கும். சாதாரண ஓப்பன் ஸ்பானர் போட்டால் முனை மழுங்கிவிடும், அப்புறம் பைப்பையே மாற்ற வேண்டியதுதான். ஃப்ளேர் நட் ஸ்பானர் என்று கேள். ரிங் ஸ்பானர் மாதிரியே இருக்கும், பைப் நுழைய மட்டும் ஒரு சந்து விட்டிருக்கும். முந்தின நாள் இரவே துரு இளக்கும் ஆயில் அடித்து வை. நட்டோடு சேர்ந்து பைப்பும் முறுக்கினால் உடனே நிறுத்து. பிரேக் மிதியைச் சில அங்குலம் அழுத்தி ஒரு கட்டையால் முட்டுக்கொடுத்துவிட்டால், கழற்றும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு மேல் இருக்கும் டப்பா ஆயில் முழுக்க ஒழுகிப் போகாது. பெயிண்டில் ஆயில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்று, இல்லாவிட்டால் உரித்துவிடும்.

புது ஹோஸை மாட்டும்போது காலிப்பர் போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் புதுச் செப்பு வாஷர் போடு, பழையது ஒழுகும். ஹோஸில் முறுக்கு விழக்கூடாது. அதைப் பிடிக்கும் கிளிப்பை மறக்காதே. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்து, ஹோஸ் டயரையோ சஸ்பென்ஷனையோ தொடுகிறதா, இழுபடுகிறதா என்று பார். போல்ட்டை எவ்வளவு முறுக்குவது என்று வண்டி மேனுவலில் இருக்கும், கைக்கணக்கு வேண்டாம்.

வண்டியின் ஆயில் டப்பா மூடியில் டாட் 3, டாட் 4 என்று பிரேக் ஆயிலின் வகை எது போட்டிருக்கிறதோ அதையே வாங்கு, புது டப்பாவாக. அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140-க்கு இறங்கிவிடும். டாட் 5 சிலிக்கான், இதோடு சேராது.

பைப்பில் புகுந்த ஏரை எடுக்க இரண்டாவது ஆள் வேண்டும். முன்பெல்லாம் நீதான் மிதிப்பாய், சீட்டின் நுனிக்கு வந்தால்தான் கால் எட்டும். ‘மிதி, பிடி’ என்று சொல்லி நிப்பிளைத் திறப்பேன். நான் நிப்பிளை மூடி ‘விடு’ என்று சொல்வதற்குள் விட்டுவிட்டு நாக்கைக் கடிப்பாய். மறுபடி முதலிலிருந்து. இப்போது நீ கீழே, வேறு யாராவது மேலே. மூடிய பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். மேல் டப்பா காலியாகாமல் பார்த்துக்கொள். மிதி கல் மாதிரி நின்ற பிறகு, ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பிடித்துப் பார். மறுநாள் காலை எல்லா இணைப்பையும் ஒருமுறை தடவிப் பார். அதுவரை வண்டியை ரோட்டுக்கு எடுக்காதே, பஸ்ஸில் போ.

பழைய இடது ஹோஸைத் தூக்கி எறிந்துவிடாதே. பிளேடால் நீளவாக்கில் பிளந்து ஒரு போட்டோ அனுப்பு. கிழிசல் முனையை ஒட்டிய வளைவில் இருந்தால் அது என் வேலைதான். அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே.

அப்பா