இரண்டு வேளை வேலை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னை எப்படி வளர வேண்டும் என்று வகுக்கிற மூன்றாவது பெருந்திட்டம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மெட்ரோ, சாலை, வடிகால் எல்லாம் இருந்தது, சரி. வீட்டு வேலை செய்கிற பெண்கள் எங்கே குடியிருப்பார்கள் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

2015 வெள்ளத்துக்குப் பிறகு, சைதாப்பேட்டை அடையாற்றங்கரையில் இருந்த எங்களை நகருக்குத் தெற்கே வெகுதூரத்தில் உள்ள பெரும்பாக்கத்து மறுகுடியமர்வுக் குடியிருப்புக்குக் கொண்டுவந்தார்கள். அம்மா மேற்கு மாம்பலத்தில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். இது காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போக வேண்டிய வேலை. முன்பெல்லாம் நடுவில் வீட்டுக்கு வந்து சமைத்து, துவைத்து, கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டுப் போவார். பெரும்பாக்கத்திலிருந்து அது நடக்குமா? விடியுமுன் கிளம்பினால் மத்தியானம் முழுக்க யார் வீட்டு மாடிப்படியிலாவது உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரே வருடத்தில் மூன்று வீடு ஒன்றானது, அப்புறம் அதுவும் போனது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அது பெரிய உதவிதான், ஆனால் காசுதான் மிச்சம், நேரம் இல்லை.

ஓஎம்ஆர் (பழைய மாமல்லபுரம் சாலை) பக்கம்தானே, ஐ.டி. கம்பெனிகளில் வேலை கிடைக்குமே என்பார்கள். எங்களைப் போல இடம் மாற்றப்பட்டவர்கள் வாழும், அதே ஓஎம்ஆர் பக்கத்துக் கண்ணகி நகரில் ஆய்வு செய்த கேரன் கோயல்ஹோவும் உடன் ஆய்வாளர்களும் 2012-லேயே இதை எழுதிவிட்டார்கள்: அங்கே கிடைப்பது ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி மாதிரி நிலையில்லாத வேலைதான். சொந்தமாக ஏதாவது செய்யலாம் என்றாலும் வழியில்லை. ஆற்றங்கரையில் பாட்டி வாசலிலேயே இட்லி சுட்டு விற்றார். இங்கே ஆறாவது மாடிக்கு யார் ஏறி வருவார்கள்? கீழே கடை போட்டாலும் வாங்க வேண்டியவர்கள் எங்களைப் போலவே வேலை போனவர்கள்.

காலி செய்யும் முன் வீட்டைக் கணக்கெடுத்தார்கள், யார் எங்கே வேலைக்குப் போகிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆற்றங்கரையிலேயே வீடு கட்டித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை, அந்தத் தண்ணீரில் நின்றவர்கள் நாங்கள். மெரினா கடற்கரையை ஒட்டிய நொச்சிக்குப்பத்தில் பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்பை இடித்துவிட்டு அதே இடத்தில் கட்டினார்களே, அதுபோல வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் நகருக்குள்ளேயே இடம் ஒதுக்க வேண்டும், அதைப் பெருந்திட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும். திட்டத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்றை அதிகாரிகள் பெரும்பாக்கத்திலும் நடத்த வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் வைக்க வேண்டும், அப்போதுதான் பெண்கள் வர முடியும்.

வாசகி, பெரும்பாக்கம்