கடலில் எறிந்த மாத்திரை

பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய நாவலை மூன்று ராத்திரியில் படித்து முடித்தேன். நீ பிரெஞ்சில் எழுதினாலும் நான் தமிழில்தான் பதில் போடுவேன், எழுத்துக் கூட்டியாவது படி.

முதல் பாதி அருமை. அந்தப் பெண் தூக்கமே இல்லாமல் ஓயாமல் பேசி, கையிலிருந்த காசுக்கெல்லாம் செருப்பு வாங்கிக் குவிக்கும் இடத்தில் சிரிப்பும் வந்தது, வயிற்றையும் கலக்கியது. மாமாவை வைத்துத்தானே எழுதினாய்? கடைசி அத்தியாயம்தான் எனக்கு ஒப்பவில்லை. நம் மொரீஷியஸின் ஃப்ளிக்-ஆன்-ஃப்ளாக் கடற்கரையில் அந்தப் பையன் அவள் கையைப் பிடிக்கிறான், அவள் மாத்திரைகளைக் கடலில் வீசுகிறாள், சுபம்!

மாமா லித்தியம் சாப்பிடத் தொடங்கியபோது நீ கைக்குழந்தை. அது ஒரு வகை உப்பு, மனம் அளவுக்கு மீறி ஏறி இறங்கும் பைபோலார் நோய்க்கு மருந்து. ரத்தத்தில் அளவு குறைந்தால் கேட்காது, கூடினால் விஷம். அதனால்தான் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தாகம் அடங்காது, கை நடுங்கும். டீயைப் பாதி டம்ளர்தான் ஊற்றச் சொல்வானே, சிந்திவிடுமென்று.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. ஒரு தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்துகொண்டு பத்து நாள் விரதம் இருந்தான். "முருகன் இருக்கும்போது மாத்திரை எதுக்கு" என்றார் ஒரு பெரியவர். நானும் தலையாட்டினேன். மாத்திரையை நிறுத்திவிட்டான். அலகு குத்திக்கொண்டு, கொளுத்தும் வெயிலில் கோர் தெ கார்த் மலைக்கோயில் படியேறினான். முகத்தில் அப்படியொரு களை. குணமாகிவிட்டது என்றார்கள் எல்லாரும். உன் நாவல் அங்கேயே முடிந்திருக்கும். மாத்திரையை அவன் திரும்ப எடுக்கவே இல்லை. மூன்றாவது வாரம், ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சைப் பல்லில் கடித்தபடி கூரைத் தகரத்துக்கு நீல வர்ணம் அடித்துக்கொண்டிருந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் பையன்கள் "ஃபூ, ஃபூ", பைத்தியம் பைத்தியம் என்று கத்தினார்கள். பிறகு ஏழு வாரம் ஆஸ்பத்திரி.

அடுத்த தடவை டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் காவடி எடுத்தான். மாத்திரையை நிறுத்தாதே, உடம்பில் தண்ணீர் வற்றினால் லித்தியம் ஏறிவிடும் என்றார். "அலகு மட்டும் வேண்டாம், வாயைப் பூட்டிக்கொண்டால் எப்படிக் குடிப்பாய்?" போட்டோவில் அவன் பின்னால் நான் பாட்டிலும் கையுமாக நிற்பது அதற்குத்தான்.

உன் அலமாரியிலிருந்த 'சேலஞ்சர் டீப்' நாவலையும் எடுத்துப் படித்தேன். நீல் ஷஸ்டர்மன் எழுதி, 2015இல் அமெரிக்க நேஷனல் புக் அவார்ட் வாங்கியது. அவர் மகன் மனநோயின் ஆழத்தில் இருந்தபோது வரைந்த படங்களே உள்ளே இருக்கின்றன. ஆஸ்பத்திரியும் கப்பலும் கதையில் வரும் பையனுக்கு ஒன்றாகக் குழம்புகின்றன. கப்பலில் கொடுக்கும் பானம்தான் மருந்து. அங்கே ஒரு பெண்மேல் அவனுக்குப் பிரியமும் வருகிறது, ஆனால் அது அவனைக் குணமாக்குவதில்லை. பெற்ற தகப்பன் எழுதியது என்று எனக்குப் பக்கத்துக்குப் பக்கம் தெரிந்தது.

உன் நாவலில் அந்தப் பையன் இருக்கட்டும், கையையும் பிடிக்கட்டும். நல்ல பையனாகத்தான் இருக்கிறான். மாத்திரை டப்பா மட்டும் அவள் பையிலேயே இருக்கட்டுமே.

நேற்று மாமாவிடம் உன் முடிவைச் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எறிஞ்சாளே, அன்னிக்கு ராத்திரி தூங்கினாளா?" என்று கேட்டான்.

அம்மா
காத்ர் போர்ன்