நன்கொடைப் பட்டியலில் விட்டுப்போனது

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கெல்லாம் நன்கொடை தரலாம் என்று சென்ற வாரம் ஒரு பக்கம் வெளியிட்டிருந்தீர்கள். அன்னதானம், டயாலிசிஸ், ஏழைப் பிள்ளைகளின் படிப்பு, முதியோர் இல்லம் என எல்லாம் வேண்டியவைதான். ஆனால், கருத்துச் சொன்னதற்காகவும் கூட்டம் கூடியதற்காகவும் வழக்கில் மாட்டுகிறவர்களுக்குக் காசு வாங்காமல் வாதாடும் அமைப்பு ஒன்றுகூட அதில் இல்லை. குழித்துறை நீதிமன்றத்தை ஒட்டி டைப்பிங், ஜெராக்ஸ் கடை நடத்துகிறவன் என்பதால் எனக்கு இது உறுத்தியது.

நம் குமரி மாவட்டத்தில் போராட்டத்துக்குக் குறைவில்லை. 2017இல் ஒக்கிப் புயலில் காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் போய் உட்கார்ந்தார்கள். இனயத்தில் துறைமுகம் வேண்டாம் என்றார்கள், பிறகு கோவளத்திலும் வேண்டாம் என்றார்கள். இப்போது கிள்ளியூர்ப் பக்கம் அணுக்கனிம மணல் எடுக்கும் திட்டம். கோரிக்கை சரியா தப்பா என்பது வேறு விஷயம். துறைமுகத்தைப் பற்றி என் எண்ணமே வேறு. ஆனால் ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடுவது அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு கொடுத்த உரிமை.

இப்படிப்பட்ட வழக்குகளில் ஜெயிலுக்குப் போகிறவர்கள் குறைவு. அடி விழுவது பாஸ்போர்ட்டில். குற்ற வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் தர மறுக்க 1967ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமிருக்கிறது. கோர்ட்டில் அனுமதி வாங்கினால் கிடைக்கும், சரி. அதற்கு ஒரு மனு, ஒரு வக்கீல், எத்தனையோ வாய்தா. வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதித்துத்தான் தங்கையைக் கட்டிக்கொடுக்க வேண்டும் என்றிருக்கிற பையனின் விசா அதுவரை காத்திருக்குமா? மனு அடிக்க வரும் அம்மாமார் எஃப்.ஐ.ஆர். நகலோடு விசாத் தாளையும் சேர்த்தே நீட்டுவார்கள். வழக்கையே ரத்து செய்யக் கேட்கலாம் என்றால் மதுரையில் உள்ள உயர் நீதிமன்றக் கிளைக்குப் போக வேண்டும். வக்கீல் ஃபீஸ், நகல் கட்டணம், டைப்பிங் (என் கூலியும் சேர்த்துத்தான்), பஸ் காசு, தொழிலுக்குப் போகாத நாள் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

அரசின் இலவச சட்ட உதவி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 39ஏ பிரிவும் 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டமும் அதற்காகத்தான். 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். பெண்கள், காவலில் இருப்பவர்கள், பட்டியல் சாதியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே வக்கீல் தருவார்கள். ஜாமீனுக்கும் ஜீவனாம்சத்துக்கும் அது நன்றாகவே உதவுவதைப் பார்க்கிறேன். ஆனால் அரசின் உத்தரவையே எதிர்த்து உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று வருஷக்கணக்கில் நிற்கும் வழக்குக்கு அரசைச் சாராத ஆள் வேண்டும்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையே எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் எழுதியதற்காக ஆட்களைப் பிடிக்க உதவிய அந்தப் பிரிவை 2015இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குப் பிறகும் அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்! மக்கள் சிவில் உரிமைக் கழகம் திரும்பவும் போய் நின்ற பிறகுதான், இனி யார் மீதும் அப்படி வழக்கு நடத்தக் கூடாது என்று 2022இல் உத்தரவு வந்தது. ஜெயப்பிரகாஷ் நாராயண் 1976இல் தொடங்கிய அமைப்பு அது. மதுரையில் 1995 முதல் மக்கள் கண்காணிப்பகம் என்ற மனித உரிமை அமைப்பு இருக்கிறது.

இவர்கள் நமக்குப் பிடிக்காதவர்களுக்காகவும் வாதாடுவார்கள் என்பது பலருக்கு நெருடல். எனக்கு அதுதான் பணம் கொடுக்கக் காரணம். பக்கத்துக் கேரளத்தில் 1985இல் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றும், தங்கள் மத நம்பிக்கையால் பாடாமல் இருந்த, யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியை விட்டு நீக்கினார்கள். உயர் நீதிமன்றம் கைவிட்டது. அடுத்த வருஷம் உச்ச நீதிமன்றம் திரும்பச் சேர்க்கச் சொன்னது. ஊரில் அந்தச் சிறு சபைக்காக எத்தனை பேர் பேசியிருப்பார்கள்?

கொடுப்பவர்களுக்கு ஒன்று: நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை தரும் சான்று (80ஜி என்பார்கள்) அந்த அமைப்புக்கு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்த வரிச்சலுகை கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது.

அடுத்த முறை அந்தப் பக்கம் போடும்போது இவர்களையும் சேருங்கள். இப்படிப்பட்ட வழக்குகளை இலவசமாக எடுக்க நம் மாவட்ட வக்கீல்கள் யாராவது முன்வந்தால் அவர்கள் பெயரையும் போடுங்கள். அந்த மனுக்களுக்கு நான் டைப்பிங் கூலி வாங்க மாட்டேன்.

– ஒரு வாசகர்,
குழித்துறை