படகுத்துறை ஏலம் விடும் அதிகாரிகளுக்கு: மோட்டாரையும் நிபந்தனையில் எழுதுங்கள்

மரியாதைக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். மேட்டூருக்கும் பவானிக்கும் நடுவே, காவிரிக் கதவணைத் தேக்கத்தில் எங்கள் ஊர்ப் படகு ஓடுவது உங்களுக்குத் தெரியும். ரோட்டு வழியாகப் போனால் அக்கரைக்கு எவ்வளவு சுற்று என்பதும் தெரியும். போன மாதம் படகு நடு ஆற்றில் நின்ற சேதியும் உங்கள் காதுக்கு வந்திருக்கும். அந்தப் படகில் நான் இருந்தேன். முப்பது வருசமாக பம்ப்செட் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன்.

காலை எட்டரை மணி இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஜமக்காளக் கட்டோடு ஒரு நெசவாளர், கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ஒரு அம்மிணி, மூன்று மொபெட். பாதி ஆறு தாண்டும்போது மோட்டாரின் பின்பக்கத்தைப் பார்த்தேன். அங்கே ஒரு சின்னத் துளை இருக்கிறது. ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சி இஞ்சினைக் குளிர வைக்கிறது பம்ப். அது வேலை செய்கிறதா என்று காட்டத்தான் அந்தத் துளையில் தண்ணீர் விடாமல் பீச்சும். அன்றைக்குச் சொட்டுச் சொட்டாக விழுந்தது, அப்புறம் நின்றே போனது. "தம்பி, மோட்டாரை நிறுத்து" என்று நான் கத்துவதற்குள் கருகிய வாடை வந்துவிட்டது.

மோட்டார் நின்றதும் படகு கதவணைப் பக்கமாக நகர ஆரம்பித்தது. இருந்ததே ஒரு துடுப்பு. பிள்ளைகள் ஆளுக்கொரு நோட்டை எடுத்துத் தண்ணீரைத் தள்ளினார்கள். அந்த அம்மிணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்ண்ணா, கரைக்குப் போயிருவமுங்களா?" என்று கேட்டது. எனக்குப் பதில் வரவில்லை. மீன் பிடிக்க வந்த பரிசல்காரர் கயிறு போட்டு இழுத்ததால்தான் இந்த மடலை எழுத நான் இருக்கிறேன்.

கரையில் மோட்டாரைக் கழற்றிப் பார்த்தேன். தண்ணீர் உறிஞ்சும் சல்லடையில் ஆகாயத்தாமரை வேரும் பாலித்தீன் பையும் அடைத்துக் கிடந்தன. உள்ளே பம்பில் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம், இம்பெல்லர் என்பார்கள், அதன் ஆறு இறக்கையில் நான்கைக் காணோம். போர்வெல் மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடினால் கருகிவிடும் என்று எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார். இதுவும் அதே கதைதான். வருசம் ஒரு முறை மாற்ற வேண்டிய ரப்பர் சாமான். மோட்டார் விலையோடு பார்த்தால் சின்னக் காசு.

இன்னொன்றையும் பார்த்தேன், அதுதான் மனசை ரொம்ப அறுத்தது. மோட்டாரின் அடிப்பாகம் அலுமினியம், புரொப்பல்லர் எவர்சில்வர். இரண்டு உலோகம் தண்ணீரில் சேர்ந்து கிடந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தைத் தின்னும். அதைத் தடுக்க ஆனோடு என்று ஒரு கட்டி வைத்திருப்பார்கள். மோட்டாருக்குப் பதிலாக அது கரையும். ஆற்றுத் தண்ணீருக்கு மெக்னீசியம் ஆனோடுதான் சரி, துத்தநாகம் கடலுக்கு. எங்கள் படகில் இருப்பது துத்தநாகம், அதன் மேலும் ஆடிப்பெருக்குக்கு முன்னால் மோட்டாரோடு சேர்த்து பெயிண்ட் அடித்துவிட்டார்கள். பெயிண்ட் அடித்த ஆனோடு சும்மா கிடக்கும் உலோகக் கட்டி. பக்கத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்கிறது, நகத்தால் சுரண்டினாலே குழி விழுகிறது. ராத்திரி மோட்டாரைத் தூக்கிக்கூட வைப்பதில்லை, தண்ணீரிலேயே கிடக்கிறது. கியர் ஆயில் டீத்தண்ணீர் மாதிரி கலங்கி வந்தது. சீல் போய் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் மோட்டார் தானாக நிற்க, அவர் கையில் மாட்டும் சிவப்புச் சுருள் கயிறு டிக்கெட் கொட்டகை ஆணியில் தொங்குகிறது. ஓட்டுகிற பையனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஏல நிபந்தனையை வாங்கிப் படித்தேன். கட்டணம் இருக்கிறது, ஆள் கணக்கு இருக்கிறது, லைஃப் ஜாக்கெட் இருக்கிறது. மோட்டாரைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் கேட்பது அந்த வரியைத்தான். வருசா வருசம் இம்பெல்லரும் ஆனோடும் கியர் ஆயிலும் மாற்றி, தெரிந்த மெக்கானிக்கிடம் எழுதி வாங்கினால்தான் படகு ஓடலாம் என்று நிபந்தனையில் எழுதுங்கள்.

2023இல் கேரளத்தில் தானூரில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். இயந்திரப் படகுக்குப் பதிவும் ஆய்வும் வேண்டும் என்று 2021ஆம் வருசத்து உள்நாட்டுக் கலங்கள் சட்டமே சொல்கிறது. இங்கே ஆய்வுக்கு யார் வந்தார்கள்? சாயப்பட்டறைகளில் இருந்து ராத்திரி ராத்திரியாகக் கழிவுத் தண்ணீரை ஆற்றில் திறந்துவிடுகிறார்களே, அதைத்தான் யார் பார்த்தார்கள்? உப்பு ஏற ஏற உலோகம் சீக்கிரம் அரிக்கும். மீனும் குடிதண்ணீரும் கெட்டுப்போனது பெரிய கதை, அதை இன்னொரு மடலில்தான் எழுத வேண்டும்.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஏல அறிவிப்பு வருவதற்குள் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அந்த இம்பெல்லரை எடுத்து வைத்திருக்கிறேன். எந்த நாள் கூப்பிட்டாலும் கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தினமும் அந்தப் படகில் போகிற ஒரு மெக்கானிக்