சண்முகத்துக்கு, முதுகு விஷயமாக

திருநெல்வேலி
ஞாயிறு காலை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. ஒருவர் ஊசி போட்டால் போதும் என்கிறார், இன்னொருவர் ஸ்க்ரூ வைத்து எலும்பை இணைக்கணும் என்கிறார், யார் பேச்சைக் கேட்பது என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து மனசு சரியில்லை. மூன்று வருஷத்துக்கு முன் நான் பட்ட பாட்டை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

எனக்கு வலி இடுப்பில் தொடங்கித் தொடை வழியாக இறங்கி, வலது கால் பெருவிரலில் போய் நிற்கும். கரண்ட் அடித்த மாதிரி இருக்கும். இடுப்புப் பக்க முதுகெலும்பில் எல்4, எல்5 என்கிற இரண்டு எலும்புக்கு நடுவில் ஜவ்வு விலகி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். முதல் ஊசிக்குக் குப்புறப் படுக்க வைத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே போட்டார்கள். ஐந்தாம் நாள் வலி பாதியானது. இரண்டு மாதம் நன்றாகத் தூங்கினேன். ஸ்டீராய்டு என்பதால் ஒரு வாரம் சர்க்கரை மட்டும் எகிறியது; உனக்கும் சர்க்கரை உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடு. இரண்டாவது ஊசி மூன்று வாரம்தான் தாங்கியது.

ஊசி ஜவ்வைப் பழைய இடத்துக்குத் தள்ளாது. நரம்பைச் சுற்றியுள்ள வீக்கத்தைத் தணிக்கும், அவ்வளவுதான். அந்த அவகாசத்தில் பிதுங்கிய ஜவ்வு தானாகவே சுருங்கிவிடுவதும் உண்டு. நிறையப் பேருக்கு அதுவே போதும்.

எனக்குப் போதவில்லை என்று முதலில் கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை. வார் அறுந்த செருப்பைத் தைக்கக் கொடுத்திருந்தேன். தைத்தவர் இரண்டையும் கவிழ்த்துக் காட்டி, "அண்ணாச்சி, வலது மட்டும் முனையில தேஞ்சிருக்கே, காலை இழுத்தா நடக்கீங்க?" என்றார். மறுநாளே டாக்டரிடம் போனேன். குதிகாலால் நடக்கச் சொன்னார். வலது பாதம் தூக்க வரவில்லை. மேலே தூக்கிப் பிடித்த பெருவிரலை அவர் ஒரே விரலால் அமுக்கிவிட்டார். வலி என்றால் பொறுத்துப் பார்க்கலாம், பலம் குறைய ஆரம்பித்துவிட்டால் தள்ளிப்போடக் கூடாது என்றார்.

நான் அப்போது மதுரை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். வலது கால்தான் பிரேக் மிதிக்கிற கால். பின்னால் ஐம்பது பேர். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. ஆபரேஷனில் நரம்பை அழுத்திய ஜவ்வுத் துண்டை மட்டும் எடுத்தார்கள், ஸ்க்ரூ எதுவும் இல்லை. மயக்கம் தெளிந்தபோதே கால் வலி இல்லை. பலம் திரும்ப ஆறு மாதம் ஆனது. காலையில் எழுந்தால் முதுகு இறுக்கம் இன்றைக்கும் இருக்கிறது.

அப்புறம், உன் விஷயம். உனக்கு வலி இடுப்போடு நிற்கிறது, காலுக்கு இறங்கவில்லை என்கிறாய். அப்படியானால் நீ இருப்பது வேறு இடம். கால் வலிக்கு ஊசியும் ஆபரேஷனும் கொடுக்கிற பலன், வெறும் முதுகு வலிக்கு அவ்வளவு கிடைப்பதில்லை. ஸ்கேனில் 'தேய்மானம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. நர்சிங் காலேஜில் பாடம் எடுக்கிற தேன்மொழி சொன்னாள்: வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தால்கூட, ஐம்பது வயதில் நூற்றுக்கு 80 பேருக்கு அந்தத் தேய்மானம் தெரியுமாம்.

இன்னொன்றும் சொன்னாள். நெதர்லாந்தில் கால் வலிக்காரர்கள் 283 பேரில் பாதிப் பேருக்கு உடனே ஆபரேஷன் செய்தார்கள், மீதிப் பேரைப் பொறுத்திருக்கச் சொன்னார்கள். 2007-இல் முடிவு வந்தது. உடனே செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் குறைந்தது. பொறுத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் கடைசியில் ஆபரேஷனுக்குத்தான் போனார்கள். ஆனால் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். நரம்பே அழுத்தப்பட்டவர்களுக்கே அவ்வளவு அவகாசம் இருந்திருக்கிறது, உனக்கு என்ன அவசரம்?

ஸ்க்ரூ வைக்கச் சொன்னவரிடம் தேதி வாங்காதே. எந்த வலி போகும், எது போகாது, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேள். வேறொரு டாக்டரிடமும் படத்தைக் காட்டு. மூன்று மாதம் பிசியோதெரபியை ஒழுங்காகச் செய். ஆனால் சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, பாதம் தூக்க வராவிட்டாலோ விடியட்டும் என்று இருக்காதே. அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போ. இதை மதினியிடமும் சொல்லி வை.

வருகிற சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கோவில்பட்டி வருகிறேன். ஸ்கேன் படத்தை எடுத்து வை. கல்லாவில் நீ உட்காருகிற அந்த முதுகு இல்லாத ஸ்டூலையும் நான் பார்க்கணும்.

அன்புடன்,
ராஜாமணி