கடைமடை வண்டி

மெல்பர்ன்
மார்ச் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

வாட்ஸப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் மலை அழகு, ஆறு அழகு என்றார்கள். நீங்கள் மட்டும்தான் "முழங்கையில் என்ன கட்டு?" என்று கேட்டீர்கள். போனில் சொல்லலாம் என்றால் அதை ஸ்பீக்கரில் போட்டுத் திண்ணையில் வைத்துவிடுவீர்கள், அம்மா காதில் விழும். அதனால்தான் கடிதம். அம்மா வாசிக்கச் சொன்னால் நான் விழுந்த இடத்தை மட்டும் தாண்டிவிடுங்கள்.

ஆமாம், விழுந்தேன். எலும்புக்கு ஒன்றுமில்லை, தோல்தான் போனது.

இங்கே மார்ச்சில் தொழிலாளர் தினத்துக்குத் திங்கட்கிழமை லீவு. சனி ஞாயிறோடு சேர்ந்து மூன்று நாள் கிடைத்தது. ஐந்து பேர், ஐந்து வண்டி. யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர், என்னோடு வேலை பார்க்கும் பட்டுக்கோட்டைப் பையன், ஒரு கேரளக்காரர், அப்புறம் எங்களுக்கு வழிகாட்டி ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியிலிருந்து இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்வார். ஏறிவிட்டாரானால் எங்களால் அவரைப் பிடிக்க முடியாது.

என் வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், ஒருத்தர் ஓட்டியதை வாங்கினேன். சென்னைப் பக்கம் செய்து கப்பலேறி வந்தது. "இத்தனை தூரம் போயும் நம்ம ஊர் வண்டியா?" என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது.

ஜேமிசன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே பெட்ரோல் நிரப்பிக்கொண்டு, டயர் காற்றை இருபத்தைந்துக்கு இறக்கினோம். காற்று குறைந்தால்தான் டயர் கொஞ்சம் பரந்து கல்லைப் பிடிக்குமாம். அங்கிருந்து உட்ஸ் பாயிண்டுக்கு ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சிறிது தூரம் போனதும் தார் முடிந்து கப்பி ரோடு. ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் கிடுகிடு பள்ளத்தில் ஆறு. நம்ம ஊரில் கல்லைப் பார்க்க வேண்டுமென்றால் ரயில் தண்டவாளத்துக்குத்தான் போக வேண்டும். எனக்குக் கல்லில் ஓட்டி என்ன பழக்கம்? அதுவும் சில இடங்களில் ரோடே குறுக்குக் குறுக்காக அலை பாய்ந்து கிடக்கிறது, உழுது போட்ட வயல் அப்படியே காய்ந்த மாதிரி. பல்லெல்லாம் ஆடுகிறது.

இதில் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். அதை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். போன் சிக்னல் கிடையாது, புழுதியில் முன் வண்டி தெரியாது. அதனால் ஒரு பிரிவு வந்தால், வழிகாட்டிக்கு அடுத்து வருபவர் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதையைக் கைகாட்டிக்கொண்டு நிற்பார். கடைசி வண்டி வந்து தலையாட்டிய பிறகுதான் நகரலாம். அரை மணி நேரமானாலும் சரி, ஈ மொய்த்தாலும் சரி. அடுத்த பிரிவில் வேறொருவர். கடைசி வண்டி மட்டும் மாறாது. அது யாழ்ப்பாணத்து அண்ணன். அவருக்கு முன்னால் நான். அதாவது நிஜமாகவே கடைசி நான்தான், அவர் எனக்குக் காவல்.

கடைமடையில் பிறந்தவனுக்கு இது ஆச்சரியம் இல்லையா அப்பா? கல்லணையில் திறந்த தண்ணீர் வெண்ணாற்றில் இறங்கி, பிரிந்து பிரிந்து நம்ம முள்ளியாற்றுக்கு வருவதற்குள், மேலே மதகைத் தூக்கி வைத்துக்கொண்டவர் எவராவது நமக்கு வந்து சேர்ந்ததா என்று நின்று பார்த்ததுண்டா? பிரிவு பிரிவாக ஒருவர் எனக்காக நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கு அந்த நினைப்புதான்.

இனி அம்மாவுக்கு வேண்டாம்.

ஒரு இடது வளைவு. எதிரே பெரிய ஜீப் ஒன்று புழுதியோடு நடு ரோட்டில் வந்தது. பயத்தில் முன் பிரேக்கைப் பிடித்தேன். முன் சக்கரம் அப்படியே காலை வாரிவிட்டது. வெக்கைக்காக ஜாக்கெட் கையைச் சுருட்டி விட்டிருந்தேன், புத்திக் கொழுப்பு. முழங்கை கல்லில் தேய்ந்தது. ஜீப் நிற்கவில்லை. எழுந்து பார்த்தால் வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது, மூன்று மூட்டை நெல்லைவிடக் கூடுதல் எடை. பின்னால் வந்த அண்ணன் முதலில் என்னைத் தடவிப் பார்த்தார், அப்புறம்தான் வண்டியை. ஆளுக்கொரு பக்கம் பிடித்து நிமிர்த்தினோம். கிளட்ச் லீவரின் நுனி உடைந்து போயிருந்தது, அவ்வளவுதான்.

"முன் பிரேக்கைப் பிடிச்சனீரோ? இனிப் பிடியாதையும் தம்பி. கையை இறுக்காமல் வண்டியை அதின்ர போக்கில விடும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐப்பசி மழையில் முள்ளியாற்றுக் கரையில், பின்னால் உரமூட்டையைக் கட்டிக்கொண்டு, டிவிஎஸ் 50-ஐ என்னிடம் கொடுத்துவிட்டு நீங்கள் கூடவே நடந்து வந்தீர்களே, அன்றைக்குச் சொன்னதும் இதுதான். "சேற்றில் பிரேக்கைத் தொடாதே, நின்றால் விழுவாய். கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி ஹேண்டில்பாரைப் பிடி." களிமண்ணும் கப்பியும் இந்த விஷயத்தில் ஒன்றுதான் போலிருக்கிறது. அதற்குப் பிறகு கால்மிதியில் எழுந்து நின்று, முட்டியைத் தளர்த்தி, வண்டியை ஆடவிட்டு ஓட்டினேன். மூன்றாம் நாள் வரை விழவில்லை.

அம்மாவுக்கு இங்கிருந்து வாசிக்கலாம்.

உட்ஸ் பாயிண்ட் 1860களில் தங்கம் தோண்ட வந்தவர்கள் உண்டாக்கிய ஊர். அந்தக் காலத்தில் ஜேஜே என்று இருந்திருக்கிறது. இப்போது சில வீடுகள், ஒரு பப். 1939 ஜனவரியில் காட்டுத்தீ வந்து ஊரே கிட்டத்தட்ட சாம்பலாகி, திரும்பக் கட்டியிருக்கிறார்கள். கஜா புயலுக்குப் பிறகு நம்ம தெரு கிடந்த கிடப்பு ஞாபகம் வந்தது. நெருப்பு விஷயத்தில் இவர்களுக்கு விளையாட்டே கிடையாது. ஆற்றோரம் கூடாரம் போட்டதும் பெரியவர் முதலில் செய்த வேலை, முப்பது சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி, சுற்றி மூன்று மீட்டருக்குச் சருகு இல்லாமல் கூட்டியது. அதற்குள்தான் தீ மூட்டலாம். அணைப்பதும் மண் போட்டு இல்லை, தண்ணீர் ஊற்றி. கையை வைத்துப் பார்த்து, சூடு இல்லையென்றால்தான் கிளம்பலாம். தடை போட்ட நாளில் அந்தக் குழியும் கிடையாது.

இரவு அம்மா கொடுத்தனுப்பிய மோர்மிளகாயை வாணலியில் போட்டேன். நெடி அடித்து ஐந்து பேரும் இருமிக்கொண்டே ஆற்றுக்குள் ஓடினோம். ஆனால் தயிர்சோற்றுக்குப் பெரியவர் ஏழு மிளகாய் தின்றார். மறுநாள் காலை அதைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நடு இரவில் கூடாரத்தை ஏதோ முட்டியது. காலையில் பார்த்தால் ஒரு கல்லின் மேல் சதுரச் சதுரமாகப் புழுக்கை, பாக்கைச் சீவி அடுக்கினாற்போல. வாம்பட் என்று ஒரு பிராணி, குட்டைக் காலும் பன்றிக்குட்டி உடம்புமாக இருக்கும். அதற்கு அப்படித்தானாம், குடலிலேயே சதுரமாகிவிடுகிறது. படம் எடுத்திருக்கிறேன், அனுப்பவில்லை.

இப்போது உங்களுக்கான சேதி. நாங்கள் படுத்திருந்த ஆறு கோல்பர்ன். அங்கே அதன் தலைப்பக்கம், சில இடங்களில் நம்ம கொல்லை வாய்க்கால் அளவுதான், கணுக்கால் நனையத் தாண்டிவிடலாம். இதுவே கீழே போய் ஈல்டன் என்ற அணையில் தேங்குகிறது. காலையில் பேப்பரில் மேட்டூர் நீர்மட்டம் பார்த்துவிட்டுத்தானே காபியைத் தொடுவீர்கள்? நம்ம மேட்டூருக்கு 93.47 டிஎம்சி. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், இந்த அணைக்கு ஏறக்குறைய 118. வயிறு எரிகிறதா? எனக்கும் எரிந்தது.

இன்னொன்று கேளுங்கள். பெரியவரின் தம்பி கீழே பாசனப் பகுதியில் பால்மாடு வைத்திருக்கிறார். இந்த மாநிலத்தில் தண்ணீர் உரிமை வேறு, நிலம் வேறு. 2007-லிருந்து தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள். நிலத்தை வைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் இன்னொருவருக்கு விற்கலாம். மழை பொய்த்த வருஷம் தன் பங்கை விற்றுவிட்டு, அந்தக் காசில் வெளியிலிருந்து வைக்கோல் வாங்கிப் போட்டாராம் தம்பி. முறைப்பாசனத்துக்கு ராத்திரி முழுக்க மண்வெட்டியோடு வாய்க்காலில் காத்துக் கிடந்தவரின் பிள்ளையாக எனக்கு இது ஜீரணமாகவில்லை. "காசில்லாதவன் என்ன செய்வான்?" என்று கேட்டேன். பெரியவர் நெருப்பில் ஒரு கட்டையைத் தள்ளிவிட்டு, "மாட்டை விற்பான்" என்றார்.

திரும்பி வரும்போது ஒரு பிரிவில் நிற்கும் முறை எனக்கு வந்தது. ஆளரவமே இல்லை. இன்ஜினை அணைத்ததும் சூட்டில் இரும்பு டிக் டிக் என்று சத்தம் போட்டது, அப்புறம் அதுவும் நின்றது. பட்டுக்கோட்டைப் பையன் போனான், கேரளக்காரர் போனார். நான் அங்கே நின்றுவிட்டதால் அண்ணன் மட்டும் பாக்கி. இருபது நிமிஷம் ஆயிற்று. விட்டுவிட்டுப் போகலாமா என்று ஒரு தரம்கூடத் தோன்றவில்லை. மூக்கு முழுக்கப் புழுதியோடு அவர் வந்து தலையாட்டினார்.

சரி, உளுந்து எடுத்தாயிற்றா? என்ன விலை போகிறது? ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கிறார்களா என்று எழுதுங்கள், அதைவிட நம்ம மதகுக்குத் தண்ணீர் வரும் தேதியை எழுதுங்கள். மாட்டுக்கொட்டகையில் கிடக்கும் அந்த டிவிஎஸ் 50-ஐப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பின் டயரை மட்டும் மாற்றி வையுங்கள், பொங்கலுக்கு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி